மிச்ச டிரம்மும் சாம்பல் யானையும்

கலர் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எந்தக் கலரைக் கண்டால் பயம் என்று கேட்டுப் பாருங்கள். பர்ப்பிள் என்பார்கள், டர்க்காய்ஸ் என்பார்கள், மனிதத் தோலின் நிறம் என்பார்கள். கருப்பு என்றோ சாம்பல் என்றோ ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கருப்புக்கு ஒரு டப்பா இருக்கிறது, திறந்து போட்டால் கருப்பு. அதையே நிறமில்லாத பேஸ்டில் துளி கலந்தால் சாம்பல். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

திருப்பூரில், துணியில் படம் அடிக்கும் பிரிண்டிங் யூனிட்களில் இருபது வருடத்துக்கு மேல் கலர் கலக்கிவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். என்னைத் திணறடித்த கலர்களை நினைத்துப் பார்த்தால் முக்கால்வாசி சாம்பல்தான். அதில் ஒன்றை மட்டும், இப்போது கலர் ரூமில் நிற்கும் உங்களுக்காக எழுதுகிறேன். கலக்கும் அளவுகளை இதில் தேட வேண்டாம். அவை உங்கள் கம்ப்யூட்டரில் என்னைவிடச் சரியாக இருக்கின்றன. ஒரு கலரை அடிப்பதா வேண்டாமா என்று ஐந்து நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டி வந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் சேவூர்க்காரன். அவிநாசியில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில், வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த கம்பெனிகள் படம் போட்ட டி-ஷர்ட்டுக்கு மாறின. பெயிண்ட் பழகிய கைகளுக்குக் கிராக்கி வந்தது. பஸ் ஏறி வந்தேன். ஒரே மாதத்தில் என்னை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அந்த வார்த்தைக்குத் தகுதியாக எனக்கு எதுவும் தெரியாது.

தெரியாது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவர் செக்கிங் மேசையில் இருந்த ருக்மணி அக்கா. சாமளாபுரத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர். அச்சடித்த துண்டுகளில் கறை, ஓட்டை, ஷேடு பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. ஒருநாள் கருப்பு எழுத்து அடித்த துண்டுகளை மூன்று அட்டியாக அடுக்கி வைத்திருந்தார்.

"என்னங்க அக்கா, மூணு அட்டி?"

"மூணு கலருங்களே."

"எல்லாம் கருப்புதானுங்க."

"டியூப்லைட்டுல எல்லாக் கழுதையும் கருப்புதான். வாசலுக்கு எடுத்தாந்து பாருங்க மாஸ்டர். இது செவப்புல கருப்பு. இது நீலத்துல கருப்பு. இது என்ன கருமமோ, பச்சையாட்ட இருக்குது."

வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. காலையிலிருந்து மூன்று வாளி கருப்பு கலக்கியிருந்தேன். எந்த வாளி எந்த அட்டி என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கண்ணால் பிரித்திருக்கிறார்.

அந்த மூன்று கருப்பும் வேறுபட்டதற்குக் காரணம் மிச்ச டிரம். இன்றைக்கு உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்போது ஒரு வேலை முடிந்ததும் வாளியில் மீந்த கலரை மூலையில் இருக்கும் டிரம்மில் ஊற்றுவோம். பச்சை, ஆரஞ்சு, நீலம், எல்லாம் ஒரே டிரம்தான். கருப்பு வேலை வரும்போது அந்தக் கலவையில் கருப்பு பிக்மெண்ட்டைத் தாராளமாகப் போட்டு அடித்துவிடுவோம். பேஸ்டும், கலரைத் துணியில் பிடிக்கவைக்கும் பைண்டரும் வீணாகாது. எல்லா யூனிட்டிலும் அதுதான் வழக்கம். அதைச் செய்யாதவனை ஊதாரி என்பார்கள். அடியில் கிடப்பதைக் கருப்பு மூடிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. ருக்மணி அக்காவின் கண்ணுக்கு அது மூடவில்லை.

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் டிரம்மை நிறுத்தவில்லை. கருப்பு வேலைகள் வந்தால் எல்லா வாளியையும் ஒரே சமயத்தில் கலக்கிவிடுவது என்று மட்டும் மாற்றிக்கொண்டேன். பாதி பாடம் படிப்பது என்பது இதுதான்.

இப்போது யானைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் அதுவரை பிற கம்பெனிகளிடமிருந்து பிரிண்டிங் வேலை வாங்கிச் செய்துகொண்டிருந்தோம். முதல்முறையாக, சட்டைகளை இங்கே தைத்து வாங்கும் ஒரு வெளிநாட்டு பையரின் சென்னை அலுவலகம் நேராக எங்களிடம் சாம்பிள் கேட்டது. குழந்தைகள் சட்டை. நெஞ்சில் பெரிய யானை, பாக்கெட்டில் அதன் குட்டி. இரண்டும் ஒரே சாம்பல். கலர் காட்ட ஒரு பத்திரிகைப் படத்தைக் கிழித்து அனுப்பியிருந்தார்கள். வெறும் கருப்பை மெலித்தால் வருகிற சாம்பல் அதில் இல்லை. லேசாகச் சிவப்பு ஓடி, சூடாக, தொட்டால் தோல் என்று தோன்றுகிற மாதிரி இருந்தது.

சாம்பிளை மாலை லாரியில் ஏற்ற வேண்டும். மத்தியானம் கரண்ட் போய்விட்டது, புதிதாகக் கலக்க மெஷின் ஓடாது. மிச்ச டிரம்மைத் திறந்து கரண்டியால் கிளறினேன். பாதி டிரம் இருந்தது. கிட்டத்தட்ட அதே சாம்பல். டிரம்முக்குள்ளேயே கொஞ்சம் கருப்பு, கொஞ்சம் பேஸ்ட் சேர்த்தேன். ஒரு துணியில் தடவி, கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டுப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால் இஸ்திரி போடாமல் எந்தச் சாம்பலையும் நான் நம்புவதில்லை. படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். படத்தைவிட நன்றாக இருந்தது.

ருக்மணி அக்கா எட்டிப் பார்த்தார். "அடடா, உசுரோட நிக்கறாப்பல இருக்குது. வெல்லம் குடுத்தா திங்குமாட்ட."

அந்தப் பாராட்டில் எதை எவ்வளவு போட்டேன் என்று எழுதி வைக்க மறந்தேன். எழுதியிருந்தாலும் பயனில்லை, டிரம்முக்குள் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. டிரம்மை மூடி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்துக்கு வேறு டிரம் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. சாம்பிள் ஓகே. அவர்களுடைய குவாலிட்டி அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து முதல் துண்டுகளைப் பார்ப்பார். ஷேடு சரியாக இருந்தால் அன்றே ஓட்டலாம். இல்லையென்றால் வெட்டிய துணி முழுவதும் பக்கத்தில் மண்ணரையில் அவர்களுக்கு ஏற்கெனவே அடிக்கும் வேறொரு யூனிட்டுக்குப் போய்விடும்.

முதலாளி அப்போதே மற்ற வேலைகளை ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டார். பிரிண்டிங் டேபிள்களில் பதினான்கு பேர் இருந்தார்கள். இந்த யானை போனால் அவர்களுக்கு அந்த மாதம் வேலை இல்லை. போனில் அவர், "எங்க மாஸ்டர் கையில சாம்பல்னா சாம்பல்தானுங்க சார், கண்ண மூடிட்டு வாங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "என்னங்க மாஸ்டர், சிரிக்கக் காணோம்?"

"டிரம்முல இருக்கறது கால்வாசி வேலைக்குத்தானுங்க வரும்."

"மிச்சத்தக் கலக்கிக்குங்க. நம்ம கலருதானே."

"பண்ணிப்போடலாமுங்க" என்றேன். நான்கு நாள் இருந்தது. நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

அன்று மாலைக்குள் கருப்பை வைத்து ஒன்பது சாம்பல் கலக்கினேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு கம்பெனியின் கருப்பு மெலியும்போது நீலமாகும், இன்னொன்று பழுப்பாகும். பழுப்பாக மெலிகிற கருப்பில் சிவப்பைத் துளித்துளியாகச் சேர்த்தேன். டியூப்லைட்டில் பக்கத்தில் வந்துவிட்டது. வாசலில் பிடித்தால் தள்ளிப்போனது. டிரம் சாம்பலில் ஒரு வெளிச்சம் இருந்தது. என்னுடையதில் அது இல்லை.

ருக்மணி அக்கா ஒன்பதையும் வரிசையாகப் பார்த்தார். "இது தார் ரோட்டு யானை. இது சளி புடிச்ச யானை. இது செத்து மூணு நாளான யானை." ஏழாவதை மட்டும் தனியாக எடுத்தார். "இது பரவால்ல. ஆனா அதும் இதும் ஒரு வகுத்துல பொறந்ததில்லீங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் வேறு வழியில் யோசித்தேன். கலக்குவதை நிறுத்திவிட்டு, டிரம்முக்குள் என்ன போனது என்று தேடினேன். சாம்பிள் அடித்ததற்கு முந்தைய நாட்களில் என்னென்ன வேலை ஓடியது? எனக்கு நினைவில்லை. ருக்மணி அக்காவுக்குக் கலர் பெயர்கள் நினைவில்லை, படங்கள் நினைவிருந்தன.

"மொதல்ல கிளி. பொறவு அந்தக் கோன் ஐஸ்கிரீமு. பொறவு கப்பலு, அது பத்திருவது துண்டுதான்."

"கிளி பச்சை. கப்பல் நீலம். ஐஸ்கிரீம் என்ன கலருங்க?"

"கண்ணு கூசற ரோசுங்க. பாத்துப் பாத்து எனக்குத் தலைவலியே வந்துருச்சு. மறந்துட்டீங்களா?"

நினைவு வந்தது. ஃப்ளூரசெண்ட் பிங்க். நிறைய மீந்திருந்தது. பச்சையும் ரோஸும் எதிரெதிர்க் கலர்கள். சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாம்பலாகும். அந்தச் சாம்பல் கருப்பிலிருந்து வரும் சாம்பலைவிட எப்போதும் உயிரோடு இருக்கும். என் யானையின் சூடு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்த நிமிடம் அடைந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

மத்தியானமே ஃப்ளூரசெண்ட் பிங்க் வாங்க காதர் பாயின் கலர்க்கடைக்குப் போனேன். பிக்மெண்ட் விற்கிறவர்களில் எது எதற்கு ஆகாது என்று சொல்லி விற்கிறவர் அவர் ஒருவர்தான்.

"எத்தனை கிலோ கேக்கறீங்க மாஸ்டர்? மறுபடி ஐஸ்கிரீமா?"

"இல்லீங்க பாய். யானை. சாம்பலுக்கு."

டப்பாவை எடுக்கப் போன கை நின்றது. "சாம்பலுக்கா? இதையா?"

"கொஞ்சந்தானுங்க."

"கொஞ்சமா இருந்தாத்தான் இன்னும் மோசம். இது வெயில் தாங்காதுங்க. டப்பாவிலயே போட்டிருக்கான், நீங்க யாரு படிக்கறீங்க? ஐஸ்கிரீமுல ரோசு மட்டும் அடிச்சீங்க, கொஞ்சம் வெளுத்தாலும் ரோசுதான். சாம்பல்ல ரோசு போச்சுன்னா மிச்சம் என்னங்க நிக்கும்?"

பதில் எனக்குத் தெரிந்தது.

"எவ்வளவு நாள்ல போகுமுங்க பாய்?"

"எனக்கென்னங்க தெரியும்? வெயிலு உங்க கம்பெனி மேலயும்தான அடிக்குது. போட்டுப் பாருங்க." டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "பாத்துட்டு வந்து கேளுங்க, தர்றேன்."

வெறுங்கையோடு திரும்பினேன். டிரம் சாம்பலில் ஒரு நீளத் துண்டும் என்னுடைய ஏழாவது சாம்பலில் ஒரு துண்டும் அடித்துக் காயவைத்தேன். ருக்மணி அக்கா இரண்டையும் சோப்புத் தண்ணீரில் அலசித் தந்தார். "புள்ளைங்க சட்டைய தெனமும் தொவைப்பாங்கல்ல" என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. புதன்கிழமை வெயில் ஏறும்போது இரண்டையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் விரித்து, ஒவ்வொன்றிலும் பாதியை அட்டையால் மூடி மேலே செங்கல் வைத்தேன்.

சித்திரை வெயில். புதன் முழுவதும், வியாழன் மாலை வரை அவை அங்கே கிடந்தன. இடையில் ஏறிப் பார்க்கக் கூடாது என்று என்னையே கட்டுப்படுத்திக்கொண்டேன். அடிக்கடி பார்த்தால் கண் பழகி மாற்றம் தெரியாமல் போகும்.

வியாழன் மாலை இறக்கினேன். ஏழாவது சாம்பலில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு எங்கே என்று விரலால் தேட வேண்டியிருந்தது. டிரம் சாம்பலில் தேட வேண்டியதில்லை. மூடிய பாதி சாம்பல். மூடாத பாதி பாசி பிடித்த சுவர் மாதிரி பச்சை. இரண்டே நாளில் யானை பச்சையாகிவிட்டது. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மாதம் தொங்கினால், கொடியில் பத்து தடவை காய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டேன்.

நான்கு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தவறு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சாம்பலை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று தேடியிருக்கிறேன். அதை அடிக்கவே கூடாது.

துண்டை முதலாளியிடம் காட்டினேன். அவர் என்னைவிட இரண்டு வயது சிறியவர். கெட்டவர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க புதுசாக் கலக்குன கலரு நிக்குதல்ல?"

"நிக்குதுங்க."

"அப்ப அதைய அடிங்க."

"சாம்பிளும் இதும் ஒண்ணில்லீங்களே. நாளைக்கு அவரு பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுபோகும்."

அவர் நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டார். "இங்க பாருங்க மாஸ்டர். அவரு பைல்ல இருக்கறதும் நம்ம டிரம்முல இருக்கறதும் ஒண்ணுதான். நாளைக்கு டிரம் கலர அடிச்சு வெச்சுருவோம். வெச்சுப் பாப்பாரு, கையெழுத்துப் போடுவாரு, காரேறிப் போயிருவாரு. அப்பறம் நீங்க உங்க கலர அடிங்க. துணியும் நல்லாருக்கும், வெளுக்கவும் வெளுக்காது. யாருக்கு என்னங்க நட்டம்?"

இந்த யோசனையை லேசாகத் தள்ளிவிட முடியாது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பையருக்கு நல்ல கலர் போகும். டேபிளில் வேலை நிற்காது. பொய் ஒரே ஒரு நிமிடம்தான் நிற்கும். நானே அதை இரவு முழுவதும் நியாயப்படுத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் முட்டியது. கையெழுத்து வாங்கிய பிறகு டிரம்மில் கலர் மீந்திருக்கும். கையெழுத்துப் போட்ட சாம்பிளோடு அது அச்சு அசலாகப் பொருந்தும். வேலை நெருக்கும் ஏதோ ஒரு மணியில், என் கலர் வாளி காலியான சமயத்தில், யாராவது அதை எடுத்து அடிப்பார்கள். அது நானாகவே இருக்கலாம். நெஞ்சில் என் யானையும் பாக்கெட்டில் டிரம் குட்டியுமாக ஒரே சட்டையில் தைக்கப்பட்டு, கொஞ்ச நாளில் குட்டி மட்டும் பச்சையாகும். நல்ல எண்ணத்தில் செய்த மோசடி கலர் ரூமில் நிற்காது. அங்கே எப்போதும் ஒரு வாளி காலியாகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் முதலாளியிடம் மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. "நீங்க பேசாம நின்னாப் போதும்" என்றார். தலையசைத்தேனா என்பது எனக்கு நினைவில்லை. நான் அசைத்ததாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குவாலிட்டி அதிகாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும். குறைவாகப் பேசுகிறவர். காபி வேண்டாம் என்றார். செக்கிங் மேசையில் டிரம் சாம்பலில் அடித்த ஆறு துண்டுகள் இருந்தன. மடிப்பு இல்லாமல் முதலாளியே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். என்னுடைய கலரில் அடித்த துண்டுகள் கலர் ரூமில் இருந்தன. கூரையில் காய்ந்த துண்டு என் சட்டைப் பையில் இருந்தது.

அதிகாரி பைலிலிருந்து முத்திரை வைத்த சாம்பிளை எடுத்தார். முதல் துண்டின் மேல் வைத்தார். இரண்டாவதின் மேல் வைத்தார். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்தார்.

"பர்ஃபெக்ட்" என்று பேனாவைத் திறந்தார்.

டேபிள்களில் பதினான்கு பேரும், கலரை இழுத்து அடிக்கும் ஸ்குவீஜியைக் கையில் பிடித்தபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் முகத்தில் வியர்வை அடங்கிவிட்டது. இந்த வேலையில் தைரியம் தேவைப்படும் நேரம் என்னவோ பெரிய மணி அடித்துக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு பேனா மூடி கழற்றும் அளவு நேரம்தான் கிடைக்கும்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க" என்றேன்.

முதலாளி, "மாஸ்டர்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கோபம், கெஞ்சல் இரண்டும் இருந்தன.

பையிலிருந்து துண்டை எடுத்து மேசையில் விரித்தேன். "இது நீங்க ஓகே பண்ணுன அதே கலருங்க சார். பாதிய அட்டையில மூடி ரெண்டு நாள் வெயில்ல போட்டேன்."

அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "பச்சையா இருக்கு."

"ஆமாங்க. ரோசு ஓடிப்போச்சுங்க. உள்ள ஃப்ளூரசெண்ட் இருக்குது."

"சாம்பல்ல எதுக்கு ஃப்ளூரசெண்ட் போட்டீங்க?"

"போடலீங்க சார். பழைய வேலைல மீந்த கலரெல்லாம் ஊத்தி வெக்கற டிரம்முலருந்து எடுத்தேன். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது. செவ்வாக்கெழமதான் தெரிஞ்சுது."

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை மூடினார்.

"எனக்கு அனுப்பின சாம்பிள், மிச்ச டிரம்லேர்ந்து."

"ஆமாங்க."

"அதுல நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை வெச்சு, வெளிநாட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப நான் போய் அது தப்புன்னு சொல்லணும். எங்க ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இந்தத் துண்டக் காட்டுங்க சார். தப்பு எங்க கலர் ரூம்லன்னு சொல்லுங்க. என்ற பேரச் சொல்லுங்க" என்றேன்.

பிறகு உள்ளே போய் என்னுடைய கலரில் அடித்த யானையையும் அதன் கூரைத் துண்டையும் கொண்டுவந்து வைத்தேன். இது சாம்பிளோடு பொருந்தாது என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். எந்த இடத்தில் பொருந்தாது, எந்த வெளிச்சத்தில் அதிகம் தெரியும் என்பதையும் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நடு வெயிலில் நின்று பார்த்தார். வேப்பமரத்து நிழலுக்குப் போய்ப் பார்த்தார். திரும்ப வெயிலுக்கு வந்தார்.

"போச்சுங்க" என்று முதலாளி என் காதருகே சொன்னார். "மண்ணரைக்குப் போயிருச்சு. பதினாலு பேருக்கும் நீங்களே சொல்லிப்போடுங்க."

"சொல்றேனுங்க" என்றேன். சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

அதிகாரி உள்ளே வந்தார். ருக்மணி அக்காவிடம் என் யானையை நீட்டினார். "நீங்கதானே செக்கிங்? இது எப்படி இருக்கு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அந்த யானை மாப்பிள்ளை யானைங்க சார். இது வேலைக்குப் போற யானை. ஆனா இது நாளைக்கும் யானையாவே இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "இன்னும் எவ்வளவு கலர் இருக்கு, அந்த டிரம்ல?"

"பாதி டிரம்முங்க."

"எங்கே?"

கலர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். மூடியைத் திறந்தேன். மேலே படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினேன். கீழே அந்தச் சாம்பல் பளபளவென்று, அன்றைக்குக் கலக்கிய மாதிரியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்தார்.

"நான் புதுக் கலருக்கு மாத்திக் கையெழுத்துப் போடறேன்னு வெச்சுக்குங்க. வேலை பாதில உங்க கலர் தீர்ந்துபோகுது. இது இங்கேயே இருக்கு. சாம்பிளுக்கும் இது பொருந்தும். நான் சென்னைல இருக்கேன். எனக்கு என்ன நிச்சயம்?"

முதலாளி, "வார்த்தை குடுக்கறேனுங்க சார்" என்றார்.

வார்த்தை மட்டும் போதாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்று காலைதான் ஒரு மேசையில் ஆறு துண்டுகள் இஸ்திரி போட்டு வைக்கப்பட்டிருந்தன.

அலமாரியிலிருந்து கருப்பு பிக்மெண்ட் கேனை எடுத்தேன். புதிது, முத்திரை உடைக்காதது. மூடியைத் திருகினேன்.

"மாஸ்டர், முழுசுமா?" என்றார் முதலாளி. குரலில் இப்போது கோபம் இல்லை. ஒரு நல்ல பொருள் வீணாகப் போவதைப் பார்க்கிறவரின் குரல் அது.

"முழுசுமேங்க."

கேனைக் கவிழ்த்தேன். கருப்பு கட்டியாக விழுந்து, சாம்பலுக்குள் ஒரு குழி போட்டு உள்ளே போனது. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். முதல் சுற்றில் கருப்புக் கோடுகள். இரண்டாவதில் சாம்பல் கோடுகள். பிறகு எந்தக் கோடும் இல்லை. அடியிலிருந்து கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அதிகாரி குனிந்து, நன்றாகப் பார்த்தார்.

"யானை சேத்துல எறங்கிருச்சுங்க" என்றார் வாசலில் நின்ற ருக்மணி அக்கா.

டேபிளில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பழைய சாம்பிளின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். என்னுடைய யானையை, அங்கே அடுக்கியிருந்த கேன்களின் மேல் வைத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா துணியில் சிக்கியது. இழுத்துப் பிடித்து இன்னொரு முறை போட்டார்.

கார் கேட்டைத் தாண்டும் வரை முதலாளி வாசலில் நின்றார். உள்ளே வந்தவர் என்னைப் பார்க்காமல் கடந்து போனார். டேபிள்களின் நடுவே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஸ்குவீஜியெல்லாம் கழுவுங்கப்பா. பழசு ஒரு பொட்டுகூட இருக்கப்படாது. மாஸ்டர் கலரு வருது."